எந்தப் பொருளுக்கு எந்த மார்க்கெட்டிங்? முதலில் வாங்குபவர் எவ்வளவு மெனக்கெடுகிறார் என்று பாருங்கள்

பல் துலக்கும் பிரஷ் தயாரிப்பவரும் மெத்தை தயாரிப்பவரும் ஒரே ஏஜென்சிக்குப் போய் ஒரே பேக்கேஜை வாங்கி வருவதை அடிக்கடி பார்க்கலாம். மாதத்துக்கு இத்தனை போஸ்ட், இத்தனை ரீல்ஸ், சீசனுக்கு ஒரு தள்ளுபடி, முடிந்தால் ஒரு பிரபலத்தைப் பிடித்து ஒரு வீடியோ. கொஞ்ச நாள் கழித்து இருவருமே கணக்குப் பார்த்துவிட்டு, விளம்பரமெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது என்று முடிவுக்கு வருகிறார்கள். விளம்பரம் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பிரஷ்காரரின் பணம் கடை அலமாரியில் இடம் பிடிக்கப் போயிருக்க வேண்டும். மெத்தைக்காரரின் பணம், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் தைரியத்துக்குப் போயிருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் பொருள் எந்த வகை என்று தெரிந்துகொள்வது. இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் மெல்வின் கோப்லேண்ட் 1923-லேயே ஒரு கட்டுரையில் நுகர்பொருட்களை மூன்றாகப் பிரித்துவிட்டார்: கைக்கு எட்டியதும் எடுத்துப்போகும் அன்றாடப் பொருள், நாலு இடம் பார்த்து ஒப்பிட்டு வாங்கும் பொருள், இதுதான் வேண்டும் என்று தேடிப்போய் வாங்கும் பொருள். பின்னால் வந்தவர்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: யாரும் தானாகக் கேட்டு வராத பொருள். நூறு வருடம் தாண்டியும் பாடப்புத்தகங்களில் இது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பொருள் எதனால் ஆனது, விலை என்ன என்றெல்லாம் போகாமல், வாங்குகிற ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்து அவர் பிரித்தார்.

நீங்களும் அதையே செய்யலாம். சமீபத்தில் உங்களிடம் வாங்கிய பத்துப் பேரைப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். தேவை என்று தோன்றியதிலிருந்து வாங்கும் வரை எவ்வளவு நேரம் ஆனது? வேறு எதையெல்லாம் பார்த்தீர்கள்? இது கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. "பக்கத்தில் இருந்ததை எடுத்திருப்பேன்" என்றால் அன்றாடப் பொருள். "இன்னும் ரெண்டு இடம் விசாரித்திருப்பேன்" என்றால் ஒப்பிட்டு வாங்குவது. "ஸ்டாக் வரும்வரை காத்திருந்திருப்பேன்" என்றால் தேடிப்போய் வாங்குவது. "நீங்கள் வந்து சொன்னதால்தான் வாங்கினேன், இல்லாவிட்டால் அந்த யோசனையே வந்திருக்காது" என்றால் நான்காவது. தயாரிப்பவர் எல்லோருக்குமே தங்கள் பொருள் மூன்றாவது வகை என்றுதான் நினைப்பு. பதில்களைக் கேட்டால் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாக இருக்கும். மனசு கொஞ்சம் கஷ்டப்படும், பரவாயில்லை, கேளுங்கள்.

அன்றாடப் பொருள்: கண்ணில் படுவதும் கைக்கு எட்டுவதும்

சோப்பு, பற்பசை, பேட்டரி, பேனா, டிஷ்யூ மாதிரியான சமாச்சாரங்கள். அலமாரி முன்னால் நிற்கும் ஒருவரைக் கொஞ்சம் கவனியுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே வருகிறார், முழுசாக நிற்பதுகூட இல்லை, கண் ஒரு நிறத்தைத் தேடுகிறது, கை போகிறது, எடுக்கிறார், நகர்ந்துவிடுகிறார். தேடிய நிறம் அங்கே இல்லாவிட்டால் ஒரு சின்னத் தயக்கம், அவ்வளவுதான், பக்கத்தில் இருப்பது வண்டிக்குள் போய்விடும். உங்கள் விளம்பரத்தைப் பார்த்து அவர் சிரித்திருக்கலாம், பாட்டைக்கூட முணுமுணுத்திருக்கலாம், ஆனால் அதற்காக இன்னொரு கடைக்கு நடக்க மாட்டார்.

அதனால் இங்கே முதல் செலவு சரக்கு போய்ச் சேருவதற்கு. எத்தனை கடையில் இருக்கிறோம் என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அந்த வகைப் பொருள் எந்தக் கடைகளில் அதிகம் ஓடுகிறதோ அங்கே இருக்கிறோமா என்று பாருங்கள். நூறு சின்னக் கடைகளில் இருந்துகொண்டு, விற்பனையில் பாதியை அள்ளும் பத்துப் பெரிய கடைகளில் இல்லாமல் இருந்தால், உங்கள் சேல்ஸ் ரிப்போர்ட் மட்டும்தான் அழகாக இருக்கும். அடுத்தது, ஸ்டாக் தீர்ந்து அலமாரி காலியாகக் கிடக்கும் நாட்கள். விளம்பரத்தை ஏற்றிவிட்டு சரக்கை ஏற்றாமல் விட்டால், உங்கள் காசில் பக்கத்து பிராண்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறீர்கள். கடைக்காரருக்கு மார்ஜின், டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஸ்கீம், சரக்கு நிரப்பும் பையன் வாரத்தில் எத்தனை முறை போகிறான் என்பது, இதெல்லாம் மார்க்கெட்டிங் பட்ஜெட்டில் வர வேண்டிய விஷயங்கள். சேல்ஸ் டீமின் தலைவலி என்று தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பேக்கை அடிக்கடி மாற்றாதீர்கள். 2009 ஜனவரியில் டிராபிகானா ஆரஞ்சு ஜூஸ் தன் அட்டைப்பெட்டியை அமெரிக்காவில் அடியோடு மாற்றியது. ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படம் போய், கண்ணாடி டம்ளரில் ஜூஸ் வந்தது. டிசைன் நவீனமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்ததும் பழைய பெட்டியே திரும்பி வந்துவிட்டது. ஜூஸ் அதேதான், மாறவில்லை. அலமாரியில் கண் தேடிய அடையாளம் காணாமல் போனதுதான் நடந்தது. பேக் டிசைன் அலுத்துப்போவது அலுவலகத்தில் தினமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான், மாதம் ஒருமுறை மூன்று வினாடி பார்ப்பவருக்கு அலுக்காது.

இன்னொரு விஷயம், இந்த வகையில் வாடிக்கையாளரின் விசுவாசத்தை வளர்க்கிறேன் என்று பாயிண்ட், கார்டு, கிளப் என்று இறங்குவது. சமூகவியலாளர் வில்லியம் மெக்ஃபீ 1963-லேயே காட்டிய ஒரு ஒழுங்கு உண்டு, மார்க்கெட்டிங் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஏரன்பெர்க் பிறகு அதைப் பல பொருட்களில் சோதித்துப் பார்த்தார்: சின்ன பிராண்டுக்கு வாங்குபவர்களும் குறைவு, அந்த வாங்குபவர்கள் திரும்ப வாங்கும் தடவையும் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் அடி. பிராண்ட் பெரிதாகும்போது இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, ஆனால் ஏற்றத்தில் பெரும்பங்கு புதிதாக வாங்க வருகிறவர்களால் வருவது. ஆகவே சோப்புக்குக் கிளப் வேண்டாம். இன்னும் வாங்காதவர்கள் கண்ணில் படுவதற்குச் செலவழியுங்கள்.

அன்றாடப் பொருளுக்குள்ளேயே இரண்டு கிளை தனியாக உண்டு. யோசிக்காமல் எடுப்பது ஒன்று, பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்குமே, அது. இதற்கு இடம்தான் விளம்பரம், சின்ன பேக்தான் விலை. மற்றது அவசரத்துக்கு வாங்குவது: மழையில் குடை, இருட்டில் மெழுகுவத்தி, நடுவழியில் பஞ்சர் கிட். இங்கே யாரும் விலை பார்ப்பதில்லை, பிராண்டும் பார்ப்பதில்லை. மேப்பில் உங்கள் கடை வருகிறதா, திறந்திருக்கும் நேரம் சரியாகப் போட்டிருக்கிறதா, போனை எடுக்கிறீர்களா, அவ்வளவுதான். அவசரத்தைச் சாக்காக வைத்து விலையை ஏற்றினால் அன்றைக்கு விற்கும், ஆனால் எழுதப்படும் ரிவ்யூ பல வருடம் அங்கேயே இருக்கும்.

ஒப்பிட்டு வாங்கும் பொருள்: வேலை அதிகம், தவறுகளும் அதிகம்

மெத்தை, வாஷிங் மெஷின், சோபா, சைக்கிள், லேப்டாப், உடை. வாங்குபவர் இங்கே நேரம் செலவழிக்கத் தயாராக வருகிறார். ஃபர்னிச்சர் கடைகள் எங்கே போனாலும் ஒரே தெருவில் வரிசையாக இருப்பது இதனால்தான்; போட்டியாளர் பக்கத்தில் இருந்தால்தான் வாங்குபவர் அந்தத் தெருவுக்கே வருகிறார். அன்றாடப் பொருளுக்குப் போட்டியாளரை அலமாரியிலிருந்து தள்ளப் பார்ப்பீர்கள். இங்கே போட்டியாளரின் பக்கத்தில் நிற்கவே இடம் தேட வேண்டும்: ஒப்பீட்டுக் கட்டுரைகள், ரிவ்யூ வீடியோக்கள், "இதுவா அதுவா" என்ற தேடல்கள், நாலு மாடல்களை வரிசையாக அடுக்கிக் காட்டும் ஷோரூம்.

முதலில் உங்கள் பொருள் விளக்கத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். மெத்தைக்கு இப்படித்தான் எழுதியிருக்கும்: "உலகத் தரத்தில், நவீனத் தொழில்நுட்பத்தில் உருவான, முதுகுக்கு இதமான, ஈடு இணையற்ற சொகுசு மெத்தை." இதை அடுத்த கம்பெனி மெத்தையோடு எப்படி ஒப்பிடுவது? அவனும் அதையேதான் எழுதியிருக்கிறான். வாங்குபவருக்கு வேண்டியது வேறு: தடிமன் எத்தனை அங்குலம், உள்ளே எத்தனை அடுக்கு, ஃபோமின் அடர்த்தி என்ன, குப்புறப் படுப்பவருக்கு ஆகுமா, கனமான ஆள் ஓரத்தில் உட்கார்ந்தால் சரியுமா, பிரித்துப் போட்டதும் வாடை வருமா, எத்தனை நாள் தூங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பலாம், திருப்பும்போது வண்டி வாடகை யார் தலையில். இதையெல்லாம் எண்ணிக்கையோடு எழுதுங்கள். எந்த இடத்தில் உங்கள் பொருள் சுமார்தானோ அதையும் எழுதுங்கள், "கனமானவர்களுக்கு இந்த மாடல் வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்" என்று. எப்படியும் ரிவ்யூவில் தெரியப்போவதுதானே, நீங்களே சொல்லிவிட்டால் மற்ற வரிகளையும் நம்புவார்கள்.

ஒப்பிடுவதற்கு எதுவுமே இல்லாமல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற பொருட்களும் உண்டு, உதாரணத்துக்கு ஒரே கொள்ளளவு, ஒரே வேகம் கொண்ட ஹார்டு டிஸ்க்குகள். அங்கே விலையில்தான் சண்டை நடக்கும். டெலிவரி, இன்ஸ்டலேஷன், தவணை, பழையதை எடுத்துக்கொள்வது என்று பொருளைச் சுற்றி எதையாவது சேர்க்க முடிந்தால் சேருங்கள், முடியாவிட்டால் செலவைக் குறையுங்கள், வேறு வழி இல்லை.

இங்கே இன்னொரு கேள்வி உதவும்: வாங்குவதற்கு முன்பே தரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? பொருளாதார அறிஞர் ஃபிலிப் நெல்சன் 1970-ல் இதை இரண்டாகப் பிரித்தார், பார்த்தே தெரிந்துகொள்வது ஒன்று, பயன்படுத்தினால்தான் தெரிவது இன்னொன்று. 1973-ல் டார்பியும் கார்னியும் மூன்றாவதைச் சேர்த்தார்கள்: பயன்படுத்தியும் தெரியாதது. மேஜையின் நீள அகலம் பார்த்தாலே தெரியும், அதற்கு நல்ல போட்டோவும் அளவும் போதும். மெத்தையும் ஷூவும் பயன்படுத்தினால்தான் தெரியும், அதற்கு டிரையல், ரிட்டர்ன், மற்றவர்கள் சொன்னது. சத்து மாத்திரை வேலை செய்ததா என்பதைச் சாப்பிட்டவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது; அங்கே வெளியார் கொடுக்கும் பரிசோதனைச் சான்றும், மிகைப்படுத்தாத வார்த்தையும்தான் நிற்கும். பயன்படுத்தினால்தான் தெரிகிற பொருளுக்கு இன்னும் நாலு போட்டோ எடுக்கச் செலவழிப்பதைவிட, திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு தொகையை ஒதுக்குவது மேல்.

நம்பிக்கை குறைவாக இருக்கும் பிராண்டுக்கு வாரண்டிதான் விளம்பரம். ஹூண்டாய் 1998-ல் அமெரிக்காவில் செய்தது இதற்கு நல்ல உதாரணம். அந்தச் சமயத்தில் அங்கே அந்த கார்களின் தரத்தைப் பற்றிப் பேச்சு சரியில்லை. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று வாரண்டி கொடுத்தார்கள். "எங்கள் கார் நல்ல கார்" என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பாதவர், பழுதானால் செலவு கம்பெனி தலையில் என்றதும் ஷோரூமுக்குள் எட்டிப் பார்த்தார். ஆனால் ஒன்று, பொருள் உண்மையிலேயே தாங்கும் என்ற உறுதி இல்லாமல் இதைச் செய்யப்போனால் மூழ்கிவிடுவீர்கள்.

எத்தனை கடையில் வைப்பது? எல்லாக் கடையிலும் வேண்டாம். விளக்கிச் சொல்லத் தெரிந்த, டெமோ காட்ட இடம் உள்ள கடைகளைப் பொறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு டீலர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்குவார், வாங்குபவர் வெளியே போய் விளக்கவே விளக்காத இன்னொரு இடத்தில் கொஞ்சம் மலிவாக வாங்கிவிடுவார், அப்புறம் விளக்கிய டீலரும் விளக்குவதை நிறுத்திவிடுவார். டெமோவுக்கு டீலருக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள், ஆன்லைனில் விற்றாலும் அந்தப் பகுதி டீலருக்கு ஒரு பங்கு போகட்டும்.

வாங்கி முடித்தவரைத் துரத்துவதையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜ் வாங்கிய மறுநாளிலிருந்து போகிற பக்கமெல்லாம் ஃபிரிட்ஜ் விளம்பரம் வருகிறதே, அது நமக்கெல்லாம் பழகிய கொடுமை. இரண்டாவது ஃபிரிட்ஜை எங்கே வைப்பது? வாங்கியவர் பட்டியலை விளம்பரத்திலிருந்து விலக்கும் வசதி ஏறக்குறைய எல்லா விளம்பரத் தளங்களிலும் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. அந்தப் பணத்தை சர்வீஸுக்குத் திருப்புங்கள். அவர் அடுத்த ஃபிரிட்ஜ் வாங்கப் பல வருடம் ஆகும், ஆனால் அவருடைய தங்கையோ நண்பரோ அடுத்த மாதம் "உன்னுது எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அதற்கு அவர் சொல்லப்போகும் பதில், ரிப்பேருக்கு ஆள் வர எத்தனை நாள் ஆனது என்பதில் இருக்கிறது.

தேடிப்போய் வாங்கும் பொருள்

விலை உயர்ந்ததெல்லாம் இதில் சேராது, மலிவானதும் சேரலாம். ஒரு கிதார் கலைஞருக்குக் குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் கம்பிதான் வேண்டும். கிடைக்காவிட்டால் வரும்வரை காத்திருப்பார். இவருக்கு "ஏன் வாங்க வேண்டும்" என்று சொல்லத் தேவையில்லை. எங்கே கிடைக்கும், எப்போது வரும், இந்த பேட்சில் என்ன மாறியிருக்கிறது, உதிரிபாகம் இன்னும் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதுதான் அவருக்குச் செய்தி. குறைந்த இடங்கள், விஷயம் தெரிந்த ஆட்கள், நேரடித் தொடர்பு போதும். எதையாவது மாற்றும்போது சொல்லாமல் மாற்றாதீர்கள், முதலில் கண்டுபிடிப்பவர்கள் இவர்கள்தான், சும்மா விடவும் மாட்டார்கள்.

தள்ளுபடி மட்டும் வேண்டவே வேண்டாம். காத்திருந்து முழு விலை கொடுத்தவர், அடுத்த மாதம் பாதி விலையில் பார்த்தால் எப்படி இருக்கும்? மீந்துபோன சரக்கை மலிவாக விடப் பயந்து அழிக்கிற வரை சில கம்பெனிகள் போனதுண்டு: பிரிட்டனின் ஆடம்பர உடை கம்பெனியான பர்பெரி ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்தது 2018-ல் வெளியே தெரிந்து பெரிய எதிர்ப்பு வந்தது, அதே வருடம் அந்தப் பழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தார்கள். இதற்கு நல்ல வழி, முதலிலேயே குறைவாகச் செய்து, ஆர்டர் எடுத்துக்கொண்டு தயாரிப்பது.

யாரும் கேட்டு வராத பொருள்

ஆயுள் காப்பீடு, தீயணைப்பான், புகை எச்சரிக்கைக் கருவி, மக்களுக்கு இன்னும் பெயரே தெரியாத புதுப் பொருள். இதில் இரண்டு ரகம். பெயர் தெரியாததற்கு, அது தீர்க்கும் பிரச்சினையைப் பற்றிப் பேச வேண்டும். பொருளைத் தேடமாட்டார்கள், பிரச்சினையைத் தேடுவார்கள். டயர் கம்பெனியான மிஷெலின் 1900-ல் ஓட்டுநர்களுக்கான கையேட்டை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது, முதல் பதிப்பே 35,000 பிரதி. அப்போது பிரான்ஸில் ஓடிய கார்களே 3,000-க்கும் குறைவு. டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், மெக்கானிக் எங்கே இருக்கிறார், எங்கே தங்கலாம் என்று அதில் இருந்தது. ஆட்கள் துணிந்து காரை வெளியே எடுத்தால்தானே டயர் தேயும்.

இரண்டாவது ரகம், தெரிந்தும் தள்ளிப்போடுவது. இங்கே எல்லோரும் கையில் எடுப்பது பயம்: எரியும் வீடு, அழும் குடும்பம். பயம் மட்டும் போதாது என்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவெந்தாலும் மற்ற இருவரும் செய்து 1965-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். டெட்டனஸ் பற்றிச் சில மாணவர்களுக்குப் பயமுறுத்தும் கையேடும், சிலருக்கு மென்மையான கையேடும் கொடுத்தார்கள். கையேடு மட்டும் வாங்கியவர்களில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம். சிலருக்கு மட்டும் கூடவே சுகாதார மையத்துக்கு வழி காட்டும் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, எந்த நேரத்தில் போகலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். இத்தனைக்கும் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று கடைசி வருட மாணவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்! ஆகவே பயமுறுத்தும் படத்தைச் சின்னதாக்கி, "எந்த அளவு வாங்குவது, எந்தச் சுவரில் மாட்டுவது, இந்த சனிக்கிழமை காலையா மாலையா, எங்கள் ஆள் வந்து மாட்டிக் கொடுப்பார்" என்பதைப் பெரிதாக்குங்கள்.

நேரமும் முக்கியம். வீடு மாறும்போது, குழந்தை பிறக்கும்போது, புது வேலையில் சேரும்போது இந்த மாதிரி பொருட்களுக்கு ஒரு கதவு திறக்கிறது, கொஞ்ச நாளில் மூடிவிடும். வருடம் முழுக்க எல்லோருக்கும் விளம்பரம் காட்டுவதற்குப் பதில், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குபவர்களோடும் வீட்டுத் தரகர்களோடும் கைகோத்துக்கொள்ளுங்கள். நேரில் போய் விற்கிற ஆள் இந்த வகைக்கு இன்னும் தேவை, ஆனால் அவருக்கு வெறும் கமிஷன் மட்டும் கொடுத்து அனுப்பினால் தேவையில்லாதவர் தலையிலும் கட்டிவிட்டு வருவார். இரண்டாம் வருடம் பாலிசி தொடர்கிறதா என்பதைப் பார்த்துக் கொடுங்கள்.

ஒரே பொருள், இரண்டு வகை

பத்துப் பேரிடம் கேட்டபோது பதில்கள் கலந்து வந்தால் குழம்ப வேண்டாம். ஒரே கேமராவை வேலைக்காக எடுப்பவர் மாடல் எண்ணோடு வருவார், ஆரம்பிப்பவர் மூன்று கேமராவை வைத்துக்கொண்டு திண்டாடுவார். முன்னவருக்கு மாடல் எண்ணைத் தட்டினால் ஸ்டாக்கும் டெலிவரி தேதியும் வர வேண்டும், பின்னவருக்கு எதை எதற்காக எடுப்பது என்று உட்கார வைத்துச் சொல்லும் பக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் திணித்தால் இருவரும் போய்விடுவார்கள்.

வகை காலப்போக்கில் மாறவும் செய்யும். போட்டியாளர் ஒருவர் உங்கள் பொருளை அப்படியே நகலெடுத்து இறக்கியதும் மறுபடியும் அந்த மூன்று கேள்வியோடு புதிதாக வாங்கிய பத்துப் பேரிடம் போங்கள். "காத்திருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆட்கள் "இன்னும் ரெண்டு இடம் பார்ப்பேன்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தால் விலையில் உடனே கை வைக்காதீர்கள். முதலில் பொருள் விளக்கத்தையும் ரிட்டர்ன் விதியையும் திருத்தி எழுதுங்கள், பிறகு உங்கள் பொருளையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒப்புக்கொள்ளும் கடைகள் எவை என்று விசாரிக்க ஆரம்பியுங்கள்.